பணியிடத்தில் நாம் நாமாக

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில் வெதுருகுப்பம் என்றோர் ஊர் உள்ளது. ‘வெதுரு’ என்பது மூங்கிலைக் குறிக்கும் தெலுங்குச் சொல். ‘குப்பம்’ என்பது சிற்றூரைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொல். இரு மொழிகளும் ஒரே பெயருக்குள் அமர்ந்திருக்கின்றன. எந்த மொழியும் மற்றதற்காக ஒதுங்கிக் கொள்ளவில்லை. எல்லைப்புற மக்களின் பேச்சும் இவ்வாறே அமைந்தது. வீட்டில் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி, மாங்காய் மண்டியில் இரண்டும் கலந்த மொழி என்று நாள் முழுவதும் தடையின்றி உரையாடுவோர் அங்கே ஏராளம்.

அத்தகைய ஊரில் வளர்ந்த ஓர் இளைஞர் சென்னையிலோ பெங்களூருவிலோ ஓர் அலுவலகத்தில் பணியேற்கிறார் என்று கொள்வோம். அலுவலக வாயிலில் அவர் முதலில் கழற்றி வைப்பது காலணியை அன்று, தம் பேச்சு வழக்கை. பின்னர் உணவுப் பழக்கம், ஊர்ப் பெயர், குடும்பப் பின்னணி, உடற்குறை என ஒவ்வொன்றாக மறைக்கத் தொடங்குகிறார். மறைப்பதும் ஓர் உழைப்பே. அதற்கு ஊதியம் கிடையாது. அலுவலகப் பணிக்குச் செல்ல வேண்டிய கவனத்தில் ஒரு பகுதியை அது நாள்தோறும் தின்றுவிடுகிறது.

இதற்கு மாற்றாக ‘தன்னியல்போடு இருங்கள்’ என்ற அறிவுரை இன்று பயிலரங்குகளிலும் மேலாண்மை நூல்களிலும் தாராளமாக வழங்கப்படுகிறது. அந்த அறிவுரை முழு உண்மையா? தன்னியல்போடு இருப்பது தனிமனிதரின் துணிவை மட்டும் பொறுத்ததா? நூறு ஆண்டுகளுக்கு முன்னர், மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் சென்னையில் பணியாற்றிய ஓர் எழுத்தரின் வாழ்க்கை இக்கேள்விக்குத் தெளிவான விடை தருகிறது.

முப்பது ரூபாய் எழுத்தர்

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர் சீனிவாச ராமானுஜன். கணிதத்தில் கொண்ட பெருவிருப்பால் பிற பாடங்களைக் கைவிட்டார். அதனால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார். இடைநிலைத் தேர்விலும் தேறவில்லை. 1909-இல் ஜானகியுடன் திருமணம் நிகழ்ந்த பின்னர், வருவாய் தேடும் கட்டாயம் ஏற்பட்டது.

1910-இல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயரை அவர் சந்தித்தார். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் தோற்றுவித்தவர் அவரே. வட்ட அலுவலகத்தில் ஓர் எழுத்தர் பணி கிடைத்தால் போதும் என்பதே ராமானுஜனின் வேண்டுகோள். அவரது கணிதக் குறிப்பேட்டைப் புரட்டிய இராமசாமி ஐயர் அப்பணியைத் தர மறுத்தார். வருவாய்த் துறையின் கடைநிலைப் பணி அம்மேதைமையை மூச்சுத் திணற வைத்துவிடும் என்று அவர் அஞ்சினார். பணி தருவதற்கு மாறாக, சென்னையில் உள்ள கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதம் தந்து அனுப்பி வைத்தார். அந்தத் தொடர்பால், நெல்லூரில் ஆட்சியராக இருந்த ஆர். இராமச்சந்திர ராவ் சில காலம் மாதந்தோறும் பொருளுதவி செய்தார். ஆயினும் பிறர் கொடையில் நெடுங்காலம் வாழ ராமானுஜனின் மனம் ஒப்பவில்லை.

1912 மார்ச் 1 அன்று, போர்ட் டிரஸ்ட் என்று அழைக்கப்பட்ட சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் அவர் எழுத்தராகச் சேர்ந்தார். இராமசாமி ஐயர் எதைக் கண்டு அஞ்சினாரோ, அத்தகைய கடைநிலைப் பணியே அது. ஆனால் அவர் அஞ்சியது நிகழவில்லை. அந்த அலுவலகத்தில் ராமானுஜன் பணியாற்றிய பதினான்கு மாதங்களே அவரை உலகுக்கு அறிமுகம் செய்து வைத்தன. பணி சிறியதாயினும் பணியிடம் வேறு வகையானதாக இருந்தது.

மேலதிகாரி ஆற்றிய பணி

அங்கே கணக்குப் பிரிவின் தலைவராக இருந்தவர் எஸ். நாராயண ஐயர். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். இந்தியக் கணிதக் கழகத்தின் பொருளாளராகவும் விளங்கியவர். தமக்குக் கீழே பணியாற்றும் எழுத்தர் ஒருவர் தம்மினும் பன்மடங்கு ஆற்றல் உடையவர் என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். உணர்ந்த பின்னர் அவர் செய்தவை மூன்று.

முதலாவது, அந்த ஆற்றலை இடையூறாகக் கருதவில்லை. அலுவலக நேரம் முடிந்ததும் திருவல்லிக்கேணியில் உள்ள தம் இல்லத்தில் ராமானுஜனுடன் அமர்ந்து சிலேட்டில் கணக்குகளை ஆராய்வது அவர் வழக்கம். பகலில் மேலதிகாரி, இரவில் உடன் பயில்வோர் என்ற இரு நிலைகளையும் அவர் இயல்பாக ஏற்றார்.

இரண்டாவது, பிறருக்கு விளங்குமாறு எழுத ராமானுஜனைப் பழக்கினார். ராமானுஜன் பல படிகளை மனத்துள்ளேயே கடந்து, முடிவை மட்டும் எழுதுவார். இடைப்பட்ட படிகளையும் எழுதினால்தான் ஏனையோர் பின்தொடர இயலும் என்று நாராயண ஐயர் விடாது வற்புறுத்தினார். தன்னியல்பைப் போற்றுவது என்பது எதையும் திருத்தாமல் விட்டுவிடுவது அன்று. ஒருவரின் இயல்பைச் சிதைக்காமல், அது பிறரைச் சென்றடைய வழி அமைப்பதே உண்மையான போற்றுதல்.

மூன்றாவது, தம் மேலிடத்திற்கு எடுத்துரைத்தார். துறைமுகக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறியியல் வல்லுநர். கடைநிலை எழுத்தர் ஒருவரைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. நாராயண ஐயரின் முயற்சியால் அவருக்குத் தெரிந்தது. தெரிந்த பின்னர் அவரும் வாளாவிருக்கவில்லை. பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித் 1912 இறுதியில் ஸ்பிரிங்குக்கு எழுதிய கடிதத்தில், தகுந்த ஏற்பாடு அமையும் வரை இவ்விளைஞர் மனநிறைவோடு பணியில் தொடருமாறு பார்த்துக்கொள்ள வேண்டுமெனக் கேட்டுக்கொண்டார். 1913 பிப்ரவரியில் வானிலை ஆய்வுத் துறைத் தலைவரும் முன்னாள் கேம்பிரிட்ஜ் கணித அறிஞருமான கில்பர்ட் வாக்கர் துறைமுகத்திற்கு வந்தபோது, ராமானுஜனின் குறிப்பேடுகள் அவர் பார்வைக்கு வைக்கப்பட்டன. வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்திற்குப் பரிந்துரை எழுதினார். 1913 மே முதல் மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. துறைமுகக் கழகமும் அவருக்கு விடுப்பு அளித்தது.

இதே காலத்தில், 1913 ஜனவரி 16 அன்று, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஜி. எச். ஹார்டிக்கு ராமானுஜன் புகழ்பெற்ற அந்தக் கடிதத்தை எழுதினார். தாம் துறைமுக அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் ஓர் எழுத்தர் என்பதையும், தமது ஆண்டு ஊதியம் இருபது பவுன் மட்டுமே என்பதையும், பல்கலைக்கழகப் படிப்பு தமக்கு இல்லை என்பதையும் தொடக்கத்திலேயே தெரிவித்துவிட்டார். அதற்கு முன் கேம்பிரிட்ஜ் அறிஞர் இருவரிடம் பயன் கிட்டாத நிலையிலும், தம்மைப் பெரியவராகக் காட்டிக்கொள்ள அவர் முயலவில்லை. தம் மேசையில் ஒளிந்து வாழும் நெருக்கடி அவருக்கு இல்லாததால், அத்தகைய வெளிப்படையான கடிதம் அவருக்கு எளிதாக வந்திருக்க வேண்டும்.

கேம்பிரிட்ஜில் நேர்ந்தது

வரலாறு இத்துடன் நின்றிருந்தால் இது ஓர் இனிய வெற்றிக் கதையாக முடிந்திருக்கும். அடுத்த பகுதியில்தான் நாம் கற்க வேண்டியது மிகுதியாக உள்ளது.

1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் சென்னையிலிருந்து கப்பலேறினார். புறப்படுமுன் அவரது குடுமி களையப்பட்டது; மேனாட்டு உடை அணியவும் முள்கரண்டி பிடிக்கவும் பழக வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் அவரது கணிதத்திற்குக் கிடைத்த மதிப்பில் எக்குறையும் இல்லை. 1916-இல் ஆராய்ச்சிப் பட்டம், 1918-இல் இராயல் கழகத்தின் உறுப்பினர் தகுதி, அதே ஆண்டில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினர் பதவி என அவரது மேதைமை முழுமையாக ஏற்கப்பட்டது. அக்கல்லூரியில் அப்பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

ஆனால் ஏற்கப்பட்டது மேதைமை மட்டுமே. கண்டிப்பான மரக்கறி உணவினரான அவர், தம் அறையிலேயே தனியே சமைத்து, நேரம் தவறி உண்டார். 1914 ஆகஸ்டில் உலகப் போர் மூண்டதும் காய்கறிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஊரின் குளிர் பழகவில்லை, காலணி உறுத்தியது. 1917-இல் உடல்நலம் குன்றி, மருத்துவமனைகளிலும் நலவிடுதிகளிலும் நெடுநாள் கழித்தார். 1919-இல் நாடு திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று தம் 32-ஆம் வயதில் சென்னையில் காலமானார். அவரது நோய் எது என்பது குறித்து மருத்துவ அறிஞர்கள் பிற்காலத்தும் ஆராய்ந்து வந்துள்ளனர். தனிமையும் முறையற்ற உணவும் அந்நோயைக் கடுமையாக்கின என்பதில் ஐயம் கொள்வோர் குறைவு.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று பலரும் அறிந்தது. பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பி. சி. மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். இரவில் குளிர் தாக்குகிறதா என்று அவர் ஒருநாள் ராமானுஜனிடம் வினவினார். மேலங்கியை அணிந்தவாறே, மேலும் ஒரு சால்வையையும் போர்த்திக்கொண்டு உறங்குவதாக ராமானுஜன் கூறினார். மகலனோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கம்பளிகள் கட்டிலின் விரிப்புக்கு அடியில் மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே படுத்துக்கொள்ள வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரிந்திருக்கவில்லை. விரிப்பின் மேலேயே அவர் படுத்து வந்தார். உலகின் தலைசிறந்த கணித அறிஞர்கள் நாள்தோறும் அவரைச் சந்தித்துவந்த ஊரில், இரவில் குளிர்கிறதா என்று கேட்டவர் ஒரு மாணவர்.

இதற்கு மறுதலையான ஒரு சான்றும் உண்டு. 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணியில் 1888-இல் பிறந்து, திருப்பதியில் பள்ளிக் கல்வி பெற்றவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். 1936-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கீழை நாட்டுச் சமயங்களுக்கான ஸ்பால்டிங் பேராசிரியராகப் பொறுப்பேற்ற அவர், தமக்கே உரிய வெண்ணிறத் தலைப்பாகையை இறுதிவரை கைவிடவில்லை. ஒருவர் குடுமியை இழந்து சென்றார். மற்றவர் தலைப்பாகையுடன் நிமிர்ந்து நின்றார். இருவரது துணிவிலும் வேறுபாடு இருந்தது என்று கூறுவது நேர்மையாகாது. முன்னவர் பட்டமற்ற இளம் எழுத்தர். பின்னவர் உலகப் புகழ்பெற்ற அறிஞராக, அழைக்கப்பட்டுச் சென்றவர். தன்னியல்போடு இருப்பதற்கான உரிமை, பதவி உயர உயர எளிதாகக் கிட்டுகிறது. பதவி தாழத் தாழ அதன் விலை ஏறுகிறது. ஆகவே ‘தன்னியல்போடு இருங்கள்’ என்ற அறிவுரையைக் கீழ்நிலைப் பணியாளரிடம் கூறுவதற்கு முன்னர், அவ்வாறு இருக்கத்தக்க சூழலை அமைக்கும் கடமை மேல்நிலையில் உள்ளோர்க்கு உரியது.

அனைத்தையும் வெளிப்படுத்த வேண்டுமா?

தன்னியல்பு என்பதைப் பலர் தம் வாழ்வை முழுவதும் திறந்து காட்டுவதாகப் பொருள் கொள்கின்றனர். இதற்கும் ராமானுஜனின் வாழ்க்கை விடை கூறுகிறது. சென்னையிலும் கும்பகோணத்திலும் அவரை அறிந்தோர், நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் ஆழ்ந்த பக்தி கொண்டவராகவே அவரை நினைவு கூர்ந்தனர். ஹார்டியோ, சமயங்கள் யாவும் ஏறத்தாழச் சம அளவில் உண்மையானவை என ராமானுஜன் தம்மிடம் கூறியதாகவும், சமயப் பற்று அவரிடம் மிகுதியாக இல்லை எனவும் எழுதினார். இவற்றுள் எது உண்மையான ராமானுஜன் என்று வழக்காடுவதில் பயனில்லை. கடவுள் நம்பிக்கை அற்ற ஹார்டியிடம் எதைப் பேசுவது, எதைப் பேசாதிருப்பது என்பதைத் தேர்ந்தது ராமானுஜனின் உரிமை.

ஆகவே இரண்டையும் பிரித்து அறிதல் வேண்டும். தமக்கு விருப்பமின்மையால் ஒன்றைப் பேசாதிருப்பது தன்மதிப்பு. பேசினால் ஏளனமோ இழப்போ நேரும் என்ற அச்சத்தால் ஒன்றை மறைப்பது சுமை. நல்ல பணியிடம் முன்னதை மதிக்கிறது. பின்னதை நீக்க முயல்கிறது. அதுபோன்றே, கடுஞ்சொல் கூறிவிட்டு ‘என் இயல்பே இப்படித்தான்’ என்று நியாயம் கற்பிப்பதும் தன்னியல்பு ஆகாது. நம் இயல்பு பிறரின் இயல்பை நெருக்காத அளவிலேதான் அதற்கு அலுவலகத்தில் இடம் உண்டு.

படிவத்தில் ஒரு கட்டம்

மேலதிகாரியின் நல்லுள்ளம் மட்டுமே போதுமா? நாராயண ஐயர் போன்றோர் எல்லா அலுவலகங்களிலும் அமைவதில்லை. ஆதலால் தனிமனிதர் காட்டும் கருணையாக இருந்ததை நாட்டின் சட்டம் இன்று உரிமையாக மாற்றி வருகிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளை வரையறுத்து, அரசுப் பணியிடங்களில் நான்கு விழுக்காட்டுக்குக் குறையாத ஒதுக்கீட்டை வழங்குகிறது. மாற்றுத் திறன் கொண்ட பணியாளருக்குத் தேவையான பொருத்தமான ஏற்பாடுகளை அரசு நிறுவனங்கள் செய்து தர வேண்டும் என்றும் விதிக்கிறது. சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெஃபைன் முழுமையான பார்வைக் குறைபாடு உடையவர். பாரத ஸ்டேட் வங்கியில் அலுவலராகப் பணியாற்றியவர். 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். பார்வையை முழுதும் இழந்த ஒருவர் அப்பணியில் சேர்ந்தது அதுவே முதன்முறை. கணினித் திரையில் உள்ளதை வாசித்துக் கூறும் மென்பொருள் இருக்குமாயின், தம் குறையை மறைத்துச் சமாளிக்க வேண்டிய தேவை இல்லை; அறிவை முழுமையாகப் பணியில் செலுத்தலாம்.

சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்தபோது, படிவத்தில் ஆண், பெண் என்ற இரண்டு பிரிவுகளே இருந்தன. திருநங்கைக்கு இடம் இல்லை. அவர் வழக்குத் தொடுத்தார். 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2017-இல் அவர் உதவி ஆய்வாளராகப் பணியேற்றார். வங்கிகளின் படிவங்களில் மூன்றாம் பாலினத்தவருக்கு இடம் அளிக்குமாறு இந்திய ரிசர்வ் வங்கி 2015 ஏப்ரலில் அறிவுறுத்தியது. திருநர்களுக்கு வேலைவாய்ப்பில் பாகுபாடு காட்டுவதை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. தாளில் வரையப்படும் ஒரு சிறு கட்டம் மையளவில் அற்பமானது. தம்மைப் பற்றிய பொய் ஒன்றுடன் பணி வாழ்வைத் தொடங்குவதா, மெய்யுடன் தொடங்குவதா என்பதை முடிவு செய்வது அக்கட்டமே.

மொழிக்கும் இது பொருந்தும். வங்கிக் கிளைகளின் அறிவிப்புகளும் படிவங்களும் இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றுடன் வட்டார மொழியிலும் அமைய வேண்டும் என்பது நெறிமுறை. வெதுருகுப்பம் போன்ற எல்லைப்புற ஊர்களில் படிவம் தெலுங்கில் இருக்கும்; எதிரே நிற்பவரின் வீட்டு மொழி தமிழாக இருக்கலாம்; முகப்பில் அமர்ந்துள்ள அலுவலர் வேறொரு மாநிலத்தவராகவும் இருக்கலாம். அலுவலர் கற்ற நான்கு தெலுங்குச் சொற்களும் நான்கு தமிழ்ச் சொற்களும் அங்கே பெரும்பணி ஆற்றுகின்றன. தவறாக உச்சரிக்கும் அலுவலரைக் கண்டு வாடிக்கையாளர் நகையாடாதிருப்பதும், கலப்பு மொழியில் பேசும் வாடிக்கையாளரைக் கண்டு அலுவலர் முகம் சுளிக்காதிருப்பதும் ஒரே பண்பின் இரு பக்கங்கள்.

நம் மேசைக்கு வரும்போது

இவ்விதழின் வாசகர்களுள் பலர் பணியாளர்கள்; பலர் கடை, ஆலை, பட்டறை நடத்துவோர். நால்வருக்கு ஊதியம் வழங்குவோர் எவரும் நாராயண ஐயரின் இடத்தில் இருப்பவரே. அவர்களுக்கு உதவக்கூடிய சில எளிய வழிகள்:

ஒன்று, பணியாளரின் பெயரைச் சரியாக உச்சரிக்கவும். தம் வசதிக்காக அதைச் சுருக்கி அழைப்பதாயின், அவரது விருப்பத்தை அறிந்து செய்யவும்.

இரண்டு, ஒருவரின் பேச்சு வழக்கை, உணவை, உடற்குறையை வேடிக்கைப் பொருளாக்கும் வழக்கம் தம் பணியிடத்தில் இருப்பின், அதை முதலில் நிறுத்த வேண்டியவர் தலைமையில் இருப்பவரே. தலைவர் சிரித்தால் அது அந்த அலுவலகத்தின் விதியாகிவிடும்.

மூன்று, பணிக்குப் புறம்பான திறமை தெரிய வருமாயின், அதற்கு இயன்ற இடம் கொடுக்கவும். கணக்கு எழுதுபவர் ஓவியராக இருக்கலாம். இரவுக் காவலர் போட்டித் தேர்வுக்குப் படிப்பவராக இருக்கலாம். பணியில் குறை நேராதவரை அது நிறுவனத்திற்கு இழப்பு அன்று.

நான்கு, குறையைச் சொல்லும் வாய்ப்பைப் பணியாளரிடம் விட்டுவிடாமல், தாமே முன்வந்து வினவவும். மகலனோபிஸ் வினவிய பின்னரே ராமானுஜன் தாம் உறங்கும் முறையை அவரிடம் கூறினார். மதிப்பு மிகுந்த இடத்தில் புதிதாக வந்து சேர்ந்தவர் பெரும்பாலும் முறையிடுவதில்லை.

பணியாளராக இருப்போர்க்கும் ஒரு சொல். தம் பணியைச் செவ்வனே ஆற்றி, அதன் பின்னர் தமக்குத் தேவையானதை அமைதியாகக் கேட்பது எளிய வழி. ஒரே நாளில் அனைத்தையும் வெளிப்படுத்த வேண்டியதில்லை. நம்பத்தக்க ஒருவரிடம் முதலில் கூறலாம். நாராயண ஐயர் ஒருவர் அறிந்ததால் ஸ்பிரிங் அறிந்தார். ஸ்பிரிங் வழியாக வாக்கர் அறிந்தார். வாக்கரால் பல்கலைக்கழகம் அறிந்தது.

திறமையை அறிந்து ஊதியம் தருவது எந்த நிறுவனத்திற்கும் இயல்பானது. அதில் அதன் ஆதாயமும் அடங்கியுள்ளது. அத்திறமையைத் தாங்கி நிற்கும் மனிதர் என்ன உண்கிறார், எம்மொழியில் சிந்திக்கிறார், இரவில் குளிரின்றி உறங்குகிறாரா என்பதை அறிய விழைவது அதனினும் ஒரு படி மேலானது. சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவு 1912-இல் அப்படியின் அருகே வந்து நின்றது. அங்கிருந்து நம் அலுவலகங்கள் எவ்வளவு தொலைவு முன்னேறியுள்ளன என்பதை, நமக்கு அடுத்த மேசையில் அமர்ந்திருப்பவரிடம் கேட்டே அறிய இயலும்.